அப்பாவின் மூச்சில் ஒரு மலை

வயதானவர்களிடம் நமக்குப் புரியாத எதைக் கண்டாலும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட ஒரு சொல் கைவசம் இருக்கிறது. வயசு. ராத்திரி தூங்கவில்லையா, வயசு. பகலில் தூங்கி விழுகிறாரா, அதுவும் வயசு. சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருக்கிறாரா, சந்தேகமே வேண்டாம். (சென்ற வாரம் நானும் அந்தக் கோலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என்ன நினைத்திருப்பார்கள் என்று தெரியும்.)

அம்மா இறந்த பிறகு அப்பா இளைக்க ஆரம்பித்தபோது நாங்களும் அதையே சொன்னோம். எண்பதுகளின் நடுப்பகுதி அது. பிரிக்பீல்ட்ஸில், ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் ஒரு வாடகை வீடு. அப்பா, நான், என் மனைவி சரோஜா. அப்பா ரயில்வேயில் சரக்கு வண்டி கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ரவாங்குக்கும் கிள்ளானுக்குமாக, வண்டியின் கடைசிப் பெட்டியில் கொடியும் விளக்குமாக நின்றுகொண்டு வாழ்நாளைக் கழித்தவர். நல்ல வாட்டசாட்டமான ஆள். அம்மா போய் ஒரு வருடம் ஆவதற்குள் அந்த உடம்பு ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கிப் போய்விட்டது. ஆணியைச் சூடாக்கி பெல்ட்டில் புதிது புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இப்படி எளச்சிட்டீங்க?"

"வயசாகுதுல்ல. ஒடம்பு சுருங்கத்தான் செய்யும்."

மூலைக்கடை கிளினிக் டாக்டரும் மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "ஓல்ட் ஏஜ் லா, அங்கிள்" என்று ஒரு பாட்டில் வைட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பினார். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அம்மாவுக்கும் கடைசிவரை 'வயசு' என்றுதான் சொன்னார்கள். அப்பா ஏன் இளைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் விட்டால் அவரும் போய்விடுவார் என்று பயமாக இருந்தது.

அப்போது நான் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூட உதவியாளன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. (நிரந்தரமாகாத உதவியாளனுக்கு விஞ்ஞானத்தின் மேல் இருக்கும் பக்தி, நிரந்தரமான பேராசிரியருக்குக்கூட இருக்காது.) என் மேலதிகாரி டாக்டர் வோங், ஐம்பது வயதுச் சீனப் பெண்மணி. மனிதன் வெளியே விடும் மூச்சில் என்னென்ன வாயுக்கள் துளித்துளியாகக் கலந்திருக்கின்றன, வயது ஏற ஏற அந்தக் கலவை மாறுகிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

நாம் என்னவோ காற்றை இழுத்துக் காற்றை விடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உள்ளே ஒரு சில்லறைக் கடையே நடக்கிறது. நகப்பூச்சை அழிக்கும் திரவத்தில் இருக்கிற அசிட்டோன் நம் மூச்சிலும் இருக்கிறது. சதுப்பு நிலத்திலிருந்து கிளம்புகிற மீத்தேன் சிலர் மூச்சில் இருக்கிறது, சிலர் மூச்சில் இல்லை. கழிப்பறை கழுவும் மருந்தின் வாசனைக்குக் காரணமான அமோனியாவும் கொஞ்சம் உண்டு. ஐசோப்ரீன் என்று ஒன்று. ரப்பர் என்பதே அந்த ஐசோப்ரீன் கைகோத்து நின்றால் வருவதுதான் என்று டாக்டர் வோங் சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. என் தாத்தா கிள்ளான் பக்கம் ரப்பர் வெட்டி ஓய்ந்தவர். பேரன் படித்து வெளியே வந்துவிட்டான் என்று பார்த்தால், அவன் மூச்சிலேயே மரம் நிற்கிறது.

இந்த வாயுக்களைப் பிரித்துக் காட்ட ஒரு பெரிய இயந்திரம் இருந்தது. ஆள் ஒரு பையில் ஊத வேண்டும். பையை அதனோடு பொருத்தினால், ஒரு காகிதச் சுருளில் ஊசி கோடு போடும். வாயு அதிகமாக இருக்கும் இடத்தில் கோடு மலைபோல ஏறி இறங்கும். ஆளுக்கு ஆள் மலைத்தொடர் வேறு.

"அறுபது வயசுக்கு மேல கொஞ்சம் பேர் வேணும், மணி. எங்க கிடைப்பாங்க?" என்றார் டாக்டர் வோங்.

"பிரிக்பீல்ட்ஸ்ல வேணுங்கற அளவு இருக்காங்க, டாக்டர்" என்றேன், பாசாரில் கீரை இருப்பதைச் சொல்வதுபோல. அப்பாவையும் சேர்த்துவிடலாம் என்பதுதான் என் உள்கணக்கு. கிளினிக் குழாய்க்குத் தெரியாதது இந்த இயந்திரத்துக்குத் தெரியாமலா போகும்?

ஓய்வு பெற்றவர்களை வீடு வீடாகத் தேடிப் போவதைவிட, அவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கூடும் நாளில் போவது நல்லது என்று முடிவு செய்தேன். (என் யோசனைகள் எல்லாமே அந்தக் காலத்தில் இப்படிப் பளிச்சென்றுதான் பிறக்கும்.) தீபாவளி முடிந்த வாரம் அது. முருகன் கோவில் மண்டபத்தில் காலையிலேயே கூட்டம் நிரம்பி வழிந்தது. கிளார்க்குகள், வாத்தியார்கள், ரயில்வேக்காரர்கள் என்று எல்லோரும் நெற்றி நிறைய விபூதியோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மைக் இல்லாமலே அறிவித்தேன்.

"நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வரணும். முதல் நாள் ராத்திரிக்கு மேல ஒண்ணும் சாப்பிடக்கூடாது. முடியுமா?"

மண்டபம் முழுவதும் ஒரு புன்னகை பரவியது. முன்வரிசையில் சிவகுருநாதர் ஐயா உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்தவர், கோவிலுக்கும் டை கட்டிக்கொண்டு வரக்கூடியவர். "அதிலை ஒரு பிரச்சினையுமில்லை, தம்பி" என்றார். எவ்வளவு ஒத்துழைப்பான சமூகம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மறுநாள் அவர்கள் ஊதியதைப் பார்த்திருக்க வேண்டும். கன்னத்தை நாதஸ்வரக்காரர்போல உப்பிக்கொண்டார் ஒருவர். பல வருடமாக மூச்சுப் பயிற்சி செய்கிறவர் ஒருவர், 'இன்னொரு பை இருக்கா' என்று கேட்டார். ஒருவருடைய பல்செட் ஊதும் குழாயோடு கிளம்பி வந்துவிட்டது. அப்பா முறை வந்தபோது, பச்சைக்கொடி காட்டும் விறைப்போடு நின்று ஊதினார். பை பாதிதான் நிறைந்தது.

"காத்தும் சுருங்கிப் போச்சு போல" என்றார்.

ஒப்பிட்டுப் பார்க்க இளைஞர்கள் வேண்டுமே, அதற்குப் பல்கலைக்கழக மாணவர்களைப் பிடித்து ஊத வைத்தோம். முந்தைய இரவு வயிறார நாசி லெமாக் சோறு சாப்பிட்ட பிள்ளைகள்.

முடிவு வந்தது. இளைஞர்களின் அசிட்டோன் சிறு மேடு. பெரியவர்களுடையது கினபாலு மலை. ஒருவர் தப்பாமல் எல்லோருக்கும். டாக்டர் வோங் காகிதத்தைத் தரையில் விரித்துவைத்து, முழங்காலில் உட்கார்ந்து பார்த்தார். "பியூட்டிஃபுல் லா, மணி" என்றார். அப்பாவின் மலையும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாக நின்றது. பார்த்தவுடன் எனக்குப் பெரிய நிம்மதி. எல்லோருக்கும் இருக்கிறது என்றால் வயசுதான். விஞ்ஞானமே சொல்லிவிட்டது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அப்பாவுக்குச் சின்ன இடுப்பளவில் ஒரு புது பெல்ட் வாங்கிக்கொண்டு போனேன்.

சில நாட்களில் கருத்தரங்கு. வெளிநாட்டிலிருந்தும் இரண்டு விருந்தினர்கள் வந்திருந்தார்கள். ஊதிய பெரியவர்களையும் அழைத்து முதல் வரிசையில் உட்கார வைக்கலாம் என்பதும் என் யோசனைதான். கோட்டும் ஜிப்பாவுமாக வந்து உட்கார்ந்தார்கள். அப்பா தன் கல்யாணக் கோட்டைப் போட்டிருந்தார். அது அவருக்கு இப்போது ஏறக்குறைய பொருந்தியது.

டாக்டர் வோங் திரையில் மேட்டையும் மலையையும் காட்டி, வயதாகும்போது உடம்பு சர்க்கரையை விட்டுவிட்டுக் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது, அதன் புகைதான் இந்த அசிட்டோன் என்று விளக்கினார். கைதட்டல் எழுந்தது. அது அடங்கியபோது சிவகுருநாதர் ஐயா டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். மாட்சிமை தங்கிய அரசாங்கக் கடிதத்துக்கு உரிய ஆங்கிலத்தில் அவர் சொன்னதன் சாரம் இது:

"மேடம், மன்னிக்க வேண்டும். அந்த வாரம் நாங்கள் எல்லோரும் விரதம்."

"விரதமா? எத்தனை மணி நேரம்?"

"ஆறு நாள், மேடம். கந்த சஷ்டி. சிலர் இரவில் பாலும் பழமும். நான் தண்ணீரும் மிளகும்."

பிறகு என் பக்கம் திரும்பி, நல்ல தமிழில், மண்டபத்துக்கே கேட்கும்படி கேட்டார். "தம்பி, நீர் டொக்டரிட்டைச் சொல்லேல்லையோ?"

பட்டினி கிடந்தால் யாருக்கும், இருபது வயதுக்காரனுக்கும்கூட, மூச்சில் அசிட்டோன் மலையாக ஏறும். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே டாக்டர் வோங்தான். நான் கந்த சஷ்டி வாரத்தில், முருகன் கோவிலில், முருகனுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, விரதம் இருக்கிறவர்களிடம் வெறும் வயிற்றோடு வர முடியுமா என்று கேட்டிருக்கிறேன். என் வீட்டிலேயே அப்பா விரதம். சரோஜா அந்த வாரம் முழுவதும் பாலும் பழமும்தான் எடுத்து வைத்தாள். வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துக்கத்தால் அல்ல.

டாக்டர் வோங் மேடையிலிருந்து என்னை நெடுநேரம் பார்த்தார்.

"மணி, நீ என்ன மதம்?"

"இந்து, டாக்டர்."

"ஓ" என்றார்.

அந்த 'ஓ' இன்னும் அந்தக் கட்டடத்தில் எங்கேயாவது ஒலித்துக்கொண்டிருக்கலாம்.

பண்டிகை எதுவும் இல்லாத ஒரு வாரம் பார்த்து மறுபடி எல்லோரையும் ஊத வைத்தோம். (அதன் பிறகு டாக்டர் வோங்கின் மேசைக் காலண்டரில் நாட்டிலுள்ள எல்லா மதத்தின் விரத நாளும் சிவப்பு மையில் வட்டமிடப்பட்டிருந்தது.) பெரியவர்கள் தோசையும் இடியப்பமும் சாப்பிட்ட சந்தோஷத்தில் ஊதினார்கள். மலைகள் கரைந்து மேடுகளாகிவிட்டன. கிழவனுக்கும் குமரனுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

ஒரு மலை மட்டும் அப்படியே நின்றது. அது கொஞ்சம் வளர்ந்தும் இருந்தது. அப்பாவுடையது.

முதலில் சர்க்கரை வியாதி என்று பயந்தோம். அதிலும் அசிட்டோன் ஏறும். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. டாக்டர் வோங் அந்தக் காகிதத்தை என் முன்னால் வைத்தார். அன்று அவர் குரலில் கேலி இல்லை.

"உங்க அப்பா இன்னும் விரதமா?"

"இல்ல டாக்டர். விரதம் முடிஞ்சு எவ்வளவோ நாளாச்சு. நல்லாத்தான் சாப்பிடுறாரு."

"நீ பாத்தியா?"

சரோஜா பங்சாரில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். விடியுமுன் எழுந்து சமைத்து, தட்டில் சோறும் கறியும் போட்டு, மூடி வைத்துவிட்டு பஸ் பிடிப்பாள். மாலையில் வரும்போது தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். காலையில் அப்பாவுக்கு இரண்டு பிஸ்கட்டோடு சரி. இரவில் எங்களோடு உட்காரும்போது, 'மத்தியானம் ஒரு கட்டு கட்டிட்டேன், வயசானவங்களுக்கு ராத்திரி காலியா இருந்தாத்தான் நல்லது' என்று கோப்பி-ஓ மட்டும் கேட்பார். அதுவும் கோசோங், பாலும் சர்க்கரையும் இல்லாமல். இதை எல்லாம் டாக்டர் வோங்கிடம் சொன்னேன்.

"அப்போ தட்டு காலியா இருந்ததைத்தான் பாத்திருக்க" என்றார்.

அன்று மத்தியானமே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். முன்கதவு திறந்திருந்தது. அப்பா சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே மூடிய தட்டு. இரண்டு கையும் மடியில். யாரோ வந்து மூடியை எடுக்கப்போகிறார்கள் என்பதுபோல ஒரு காத்திருப்பு. வாசலில் நான் நிற்பதை அவர் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

அங்கே சந்துப் பக்கம் ஒரு கறுப்பு நாய் உட்கார்ந்திருந்தது. அதற்கென்று ஒரு பழைய மங்குக் கிண்ணம். அப்பா குந்தி உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து, உருளைக்கிழங்கைத் தனியாக ஓரத்தில் வைத்து, நிதானமாகப் பரிமாறினார்.

"போதுமா? இன்னுங் கொஞ்சம் போடட்டா? ரசம் இருக்கு, மெதுவா சாப்புடு."

அந்த வார்த்தைகளை எனக்குத் தெரியும். ராகம்கூட அம்மாவுடையதுதான்.

"அப்பா" என்றேன்.

அவர் திடுக்கிடவில்லை. திரும்பிப் பார்த்தார். "என்ன இந்நேரத்துல? வேல போயிருச்சா?"

"சாப்ட்டீங்களா?"

"ஆங். இப்பத்தான்."

"எங்க, ஊதுங்க."

ஆய்வுக்கூடப் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. அப்பா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். பிறகு எழுந்து, குழாயடியில் தட்டைக் கழுவ ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்க்காமல் பேசுவதற்கு அது வசதியாக இருந்திருக்கும்.

"மெஷின வீட்டுக்கே கொண்டாந்துட்டியாடா" என்றார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "தானா போட்டுத் தின்னு பழக்கமில்ல. வண்டியில போனாகூட அவ அடுக்குல வச்சு, எத மொதல்ல திங்கணும்னு சொல்லித்தான் அனுப்புவா. இப்ப அந்த மூடியத் தொறக்க கை போகமாட்டேங்குது. மூடி வச்ச சோத்தப் பாத்தா, அவ எங்கயோ பக்கத்துல போயிருக்கா, வந்து போடுவான்னு இருக்கு."

தட்டைத் திருப்பிப் பின்பக்கமும் தேய்த்தார்.

"பசிச்சா அவகிட்ட சொல்லுவேன். ஒம் பொண்டாட்டிகிட்ட எப்படிறா சொல்றது, எனக்கு ஒக்காந்து சோறு போடுன்னு? அந்தப் புள்ள பாவம், இருட்டுல எந்திரிச்சு சமைக்குது. அதுகிட்ட சொல்லிறாத. கைமணமெல்லாம் நல்லாத்தான் இருக்கு." நாயைப் பார்த்தார். "அது ஒரு நாளும் மிச்சம் வச்சதில்ல."

தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்க ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டுவிட்டார். போட்டுச் சாப்பிட மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

சொல்லாதே என்று அவர் கேட்டுக்கொண்டதை நான் அன்று மாலையே சரோஜாவிடம் சொன்னேன். அவள் அப்போதுதான் கைப்பையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "நாயிக்கு எந்தக் கறி புடிச்சிருக்காம்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு குளியலறைக்குள் போய் வெகுநேரம் தண்ணீரைத் திறந்து விட்டிருந்தாள். எங்கள் வீட்டில் எல்லோருமே தண்ணீர்ச் சத்தத்துக்குப் பின்னால்தான் எதையும் செய்தோம்.

மறுநாளிலிருந்து ஏற்பாடு மாறியது. காலையில் அலுவலகப் புடவையோடு நின்றுகொண்டு சரோஜா அவருக்குப் பரிமாறினாள். மத்தியானம் நான் மோட்டாரில் வந்து போட்டேன். என் பரிமாறல் அவருக்குச் சகிக்கவில்லை. "சோத்துக்கு நடுவுல கொழம்ப ஊத்துறான் பாரு. கரண்டியப் புடிக்கிறது மண்ணள்ளுற சவள மாதிரி." திட்டிக்கொண்டே சாப்பிட்டார். நான் "போதுமா?" என்று கேட்டால் பதில் சொல்லமாட்டார். கேட்காவிட்டால் கையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்.

ஆனால் சரோஜா தட்டை நம்புவதை நிறுத்திவிட்டாள். என்னையும் நம்பவில்லை. (வெறும் வயிற்றோடு வரச்சொன்ன ஆளை யார் நம்புவார்கள்?) ஒரு மாலை வேலையிலிருந்து வந்தவள் நேராக அவர் நாற்காலி முன் போய் நின்றாள்.

"மாமா, மத்தியானம் சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேம்மா."

"எங்க, ஊதுங்க."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர்கள் இருவரும் நேருக்கு நேர் நின்று பேசியதே குறைவு. மாமனார் சுவரைப் பார்த்துச் சொல்வார், மருமகள் தரையைப் பார்த்துப் பதில் சொல்வாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல், விளக்கை அணைப்பவர்போல 'ஃபூ' என்றார். சரோஜா மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"ரசம் இருக்கு. புடலங்காயத் தொடல."

அப்பா சிரித்தார். அம்மா போனபிறகு அந்தச் சத்தத்தை அன்றுதான் கேட்டேன்.

அது எங்கள் வீட்டு மாலை வழக்கமாகிவிட்டது. பெல்ட்டின் கொக்கி ஓட்டை ஓட்டையாக வெளிப்பக்கம் நகர்ந்தது. டாக்டர் வோங் மறுபடி ஊத வைத்துப் பார்த்து, மலை இறங்கிவிட்டதென்று அந்தக் காகிதத்தை என்னிடமே கொடுத்தார். ஆராய்ச்சி எந்த முடிவையும் எட்டவில்லை. வயது மூச்சை மாற்றுகிறதா என்று தெரிய, முதலில் அந்த வயதான ஆளுக்கு யாராவது சோறு போடுகிறார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதைக் காட்டும் இயந்திரம் எங்களிடம் இல்லை.

சில வருடங்கள் நன்றாகவே போயின. பிறகு ஒரு மாலை, வழக்கம்போல அப்பா ஊத, சரோஜா முகர்ந்துவிட்டு நின்றுவிட்டாள். சமையலறைக்கு வந்து என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"சாப்ட்டிருக்காரு. ஆனா வேற வாட வருது. பாத்ரூம் கழுவுற மருந்து மாதிரி."

அது என்ன வாயு என்று எனக்குத் தெரியும். ஏன் வருகிறது என்றும் தெரியும். சிறுநீரகம் கைவிட்டுக்கொண்டிருந்தது. டாக்டர்களின் பரிசோதனைகள் பிறகுதான் அதை உறுதி செய்தன. சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றார்கள். சீக்கிரம் வந்தும் போதாத வியாதி அது.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் அப்பா கண்ணைத் திறப்பதே அபூர்வம். சாப்பாட்டுத் தட்டு வரும், மூடியபடியே திரும்பிப் போகும். ஒரு மாலை சரோஜா வேலையிலிருந்து நேராக வந்து கட்டிலோரம் குனிந்தாள்.

"மாமா, சாப்ட்டீங்களா?"

அவர் கண்ணைத் திறந்தார். யாரும் கேட்காமலே உதட்டைக் குவித்து ஊதினார். ஒரு தீக்குச்சியின் சுடர்கூட அசைந்திருக்காது. சரோஜா மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். அந்த வாடை கதவருகில் நின்ற எனக்கே வந்தது.

"ரசம்" என்றாள். "இன்னிக்கு நல்லா சாப்ட்டிருக்கீங்க மாமா."

அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

எங்கள் குடும்பத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, சிவகுருநாதர் ஐயா எழுந்து நின்ற கதையை இன்னும் என்னைச் சொல்ல வைக்கிறார்கள். 'நீ என்ன மதம்' என்ற இடத்தில் சின்னப் பிள்ளைகள் எனக்கு முன்னால் 'ஓ' என்று சொல்லிவிடுகிறார்கள். யாராவது 'பசியாறிட்டேன்' என்றால் நாலு பக்கமிருந்தும் 'எங்க, ஊது' என்று குரல் வரும். அப்பாவைப் பார்த்தேயிராத பேரப்பிள்ளைகள் கன்னத்தை உப்பிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள், எல்லோரும் சிரிப்போம். சரோஜா மட்டும் சிரிக்கமாட்டாள். ஒவ்வொரு பிள்ளையாகக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, உண்மையாகவே முகர்ந்து பார்ப்பாள்.